கியர்பாக்ஸை இறக்கும் முன்

கார் கியர் ஏற மறுத்தால் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று முடிவுகட்டி, அதை இறக்கப் பலர் உடனே சம்மதித்துவிடுகிறார்கள். இந்த அவசரம் தவறு. என்ஜினை அணைத்துவிட்டுக் கிளட்சை மிதித்துக் கியர் போட்டுப் பாருங்கள். அப்போது எளிதாக விழும் கியர், என்ஜின் ஓடும்போது மட்டும் விழாவிட்டால், என்ஜினின் சுழற்சியைக் கிளட்ச் முழுதாகப் பிரிக்கவில்லை என்றே பெரும்பாலும் பொருள். ரிவர்ஸில் எழும் கரகரப்பும் அதையே சொல்லும். ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் ஆயில் அளவையும், மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டர்களில் கசிவையும் பார்க்கவேண்டும். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டப்பாதான். ஆகவே அங்கே அளவு குறைந்திருந்தால் காரை ஓட்டவே கூடாது. என்ஜின் அணைந்திருக்கும்போதும் கியர் விழவில்லையென்றால், லீவரிலிருந்து செல்லும் கேபிளையும் அதன் முனையிலுள்ள புஷ்ஷையும் முதலில் சோதிப்பதே முறை.

இதெல்லாம் மெக்கானிக்கின் வேலை, நமக்கேன் என்று கேட்கலாம். பழுதுபார்ப்பது அவர் வேலைதான். ஆனால் இந்தச் சோதனைக்கு ஸ்பேனர்கூட வேண்டாம், பணம் கொடுப்பவர் காரணம் கேட்பதில் அவமதிப்பும் இல்லை. சில கார்களில் ஸ்லேவ் சிலிண்டரே கியர்பாக்ஸ் கூட்டுக்குள் இருப்பதால் இறக்கித்தான் ஆகவேண்டும் என்பது உண்மை. அப்போதும் எதற்காக இறக்குகிறோம் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் காரிலும் இதே நிதானம் வேண்டும்: லீவர் ‘பி’யை விட்டு நகராவிட்டால், பிரேக்கை மிதித்ததும் பின்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் பிரேக் சுவிட்சையோ ஃபியூஸையோ மாற்றினாலே பல சமயம் போதும்.