வண்ணம் வெறும் அணிதானோ?

தமிழிலக்கணம் பயிலும் மாணவன் ஒருவன் ஆகாய விமானத்தின் பூச்சைக் குறித்து எழுதப் புகுவது நகைப்பிற்கு இடமாகலாம். ஆயினும், அணி என்பது பொருளின் புறத்தே ஒட்டப்படுவதோ, அன்றிப் பொருளோடு ஒன்றி நிற்பதோ என்னும் வினா எங்கள் வகுப்பறையிற் பழகிய வினாவேயாதலின், அதனை ஈண்டு விமானத்தின்மேல் வைத்து ஆராய முற்படுகின்றேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே தம் வீட்டுக் கொட்டகையில் தாமே விமானஞ் சமைத்துப் பறப்போர் பலர். 1953-ஆம் ஆண்டு பால் போபரெஸ்னி என்பார் தோற்றுவித்த சோதனை விமானச் சங்கம் அன்னாரை ஒன்றுசேர்த்தது. அந்நாட்டு விதிப்படி, விமானத்தின் பெரும்பகுதியை ஆர்வலர் தம் கல்வியையோ களிப்பையோ கருதித் தாமே இயற்றியிருத்தல் வேண்டும். 51 விழுக்காட்டு விதியென்று இதனை வழங்குவர். ஆனால் வண்ணம் பூசுதல் அக்கணக்கிற் சேராது. கூலிக்கு ஆளமர்த்திச் செய்வித்தாலும் தடையில்லை. கட்டியவர் யாரென்று துணிதற்கு இவ்விதி போதுமானதே. எனினும் இதனைக் கொண்டு, பூச்சென்பது கட்டுவேலைக்குப் புறம்பானதோர் ஒப்பனையென்று கட்டுவோர் கருதுவரேல், அது உயிர்க்கே இறுதி பயக்கும் என்பது என் துணிபு.

கண்ணாடியிழை விமானத்தில் இஃது தெளிவாகப் புலனாகும். கலிபோர்னியாவின் மொஹாவி ஊரிலே பர்ட் ரூட்டான் என்னும் அறிஞர் வகுத்த வேரி-ஈசி 1975-லும், லாங்-ஈசி 1979-லும் முதன்முதற் பறந்தன. நுரைக்கட்டியைச் சூடேறிய கம்பியால் இறக்கை வடிவாக அறுத்து, அதன்மேற் கண்ணாடியிழைத் துணியை விரித்து, எபாக்சிப் பிசினை ஊட்டி இறுகச் செய்வதே அவர் காட்டிய முறை, அச்சு வேண்டுவதில்லை. பிசின் ஊறிய துணி ஒளி ஊடுருவத் தக்கதாதலின், உள்ளே காற்றுக்குமிழ் அகப்பட்டிருப்பின் வெளுத்துத் தோன்றித் தானே தன் குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும். பூச்சேறிய பின்னர் அதனைக் காண்பார் யார்?

இறுகிய பரப்பிலே நெசவின் வரி அப்படியே நிற்கும். அதனை மறைத்தற்கு, மாவினும் நுண்ணிய, உள்ளே வெற்றிடமான கண்ணாடி மணிகளை எபாக்சியிற் குழைத்துச் சாந்தாகப் பூசி, காய்ந்தபின் நீண்ட கட்டையிற் பொருத்திய உப்புத்தாளால் தேய்ப்பர். வாரக்கணக்கிற் கைகள் ஓயாத வேலை. ஆசை மனிதனைக் கெடுப்பதும் இவ்விடத்திலேதான். பள்ளத்தை நிரப்புந்தோறும் பாரம் ஏறும். மேட்டைத் தேய்த்துச் சமஞ்செய்ய முனைந்தாலோ இழையே அறுபடும். பாரத்தைத் தாங்குவது இழையன்றோ! சாந்து தாங்குவதன்று. முகம் பார்க்குமாறு மின்னும் இறக்கை உள்ளே இழையறுந்து நொய்ந்திருத்தல் கூடும். வரி தெரியும் இறக்கை உறுதியோடு நிற்றல் கூடும்.

அங்ஙனமாயின் வழுவழுப்பே வேண்டாமென்பார் கூற்றும் பொருந்தாது. அவ்விமானங்களின் மூக்கருகே அமைந்த முன்சிறகு, மழைத்துளி படிந்த அளவிலே காற்றோட்டங் குலைந்து, விமானத்தின் சமநிலையை மாற்றியதுண்டு. பின்னர் ஜான் ரான்ஸ் என்பார் வகுத்த வேறு வடிவம் அக்குறையைப் போக்கியது. துளியளவு மேடு இத்துணை செய்யுமாயின், பரப்பின் செப்பம் வீண் ஆடம்பரமாகுமா?

நிறமும் அவரவர் விருப்பத்திற்கு விடப்பட்டதன்று. எபாக்சி மிகு வெப்பத்தில் நெகிழும். கருநிறம் வெயிலை உட்கொண்டு இறக்கையைச் சுடவைக்கும். ஆதலால் வெண்மையே விதி. வெயிலின் புறஊதாக் கதிர் பிசினை நாளடைவில் அழிக்குமாதலின், அதனைத் தடுக்கும் அடிப்பூச்சும் வேண்டும். கறுப்பு விமானத்தின் அழகை நயப்பவர் அதனைப் படத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்!

இவை யாவற்றினும் அஞ்சத்தக்கது மற்றொன்றுண்டு. விமானத்தைத் திருப்பவும் ஏற்றவும் உதவும் கீலிட்ட பலகைகள், கீலுக்கு முன்னும் பின்னும் நிறை ஒத்திருக்குமாறு அமைக்கப்படுவன. பூச்சோ பெரும்பாலும் கீலின் பின்புறத்தே ஏறுகின்றது. அந்நிறையை மீண்டும் ஒப்பிடாது பறப்பின், விரைவு மிகுந்தவிடத்து அப்பலகை கட்டற்று அதிர்ந்து நொடியில் முறியவுங்கூடும். மோட்டார் வண்டிகளுக்கு வண்ணமடித்துப் பழகிய கூலியாள் இதனை எங்ஙனம் அறிவான்? அவன் மேற் குற்றமில்லை. அறிந்திருக்க வேண்டியவர் கட்டியவரே.

பாலியுரத்தேன் பூச்சின் ஆவி நுரையீரலுக்குப் பெருங்கேடாதலின், தூய காற்றை வெளியிலிருந்து ஊட்டும் முகமூடியும் தக்க அறையும் உடைய தொழிலாளியிடம் அதனை விடுதலே அறிவுடைமை என்பர். இதனை மறுக்கமாட்டேன். தெளிக்கும் பணியை அவனிடம் விடுக. ஆனால் சாந்து பூசுதலும், தேய்த்தலும், எத்துணைப் பூச்சு ஏறலாமென்று வரையறுத்தலும் கட்டியவர் கையிலேயே நிற்றல் வேண்டும்.

முதலிற் பறந்து குறைகளைக் களைந்து, பின்னரே வண்ணம் பூசுவாரும் உளர். அதுவும் நன்றே, ஆனால் அவர் பூசிமுடித்த அன்றே விமானத்தை மீண்டுந் தராசிலேற்றி நிறையும் நிறைமையமும் கணித்து, ஒவ்வொரு பலகையையும் கழற்றி ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். அக்கணக்குப் புத்தகத்தில் எழுதப்படும் வரை அவ்விமானம் கொட்டகையிலேயே கிடக்கட்டும்.