மோரிஸ் மைனரும் ஆறாம் ஆண்டு விகிதமும்

பழைய மோரிஸ் மைனரைப் பேணும் பெற்றோர் சிலர், நெடுஞ்சாலையில் இயந்திர இரைச்சல் குறையுமென்று, 948 சி.சி. வண்டிக்கே 3.9 டிஃபரென்ஷியலைப் பொருத்த விழைகின்றனர். எனக்கு இதில் உடன்பாடில்லை.

அவ்வண்டிக்குரியது 41க்கு 9 பற்கள், அதாவது 4.55. 1962இல் 1098 சி.சி. இயந்திரம் வந்தபோதே அது 38க்கு 9 (4.22) ஆயிற்று. வலிமை கூடிய பின்னரே எண் குறைந்ததை நோக்குக! 39க்கு 10 பூட்டினால் இழுவிசையில் ஏழிலொரு பங்கு போய்விடும். தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறுகையில் வண்டி திணறும். வேகமானியை மாற்றாவிடில் அது 48 மைல் காட்டும்போது உண்மை வேகம் 56. (ஆசிரியர்களே, மாணவர்க்கு இதைவிட நல்ல விகிதக் கணக்கு வேண்டுமா?) 1275 சி.சி. இயந்திரம் பொருத்தியோர்க்கு 3.9 தகும், 948க்கு மிஞ்சிப்போனால் 4.22.