காமிராவுக்குக் கண்ணாடிப் பெட்டியா?

சென்ற மாதம் நம் சங்கத்துக்கு ஒரு நன்கொடை வந்தது. இப்பல்கலைக்கழகத்தில் பயின்று, பின்னர் பத்திரிகைப் படப்பிடிப்பாளராகப் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவர், தாம் கையாண்ட நிக்கான் எஃப்-2 காமிராவையும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையும் நமக்கு அளித்தார். செயற்குழு கூடியது. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, அடியில் பித்தளையால் பெயர்ப்பலகை பொருத்தி, ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினரைக் கொண்டு திறந்து வைக்கலாம் என்று பலரும் பேசினர். நான் ஒருவன் மட்டும் கூடாது என்றேன். முடிவு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அன்று ஐந்து நிமிடத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னதை இங்கே ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன். அன்பர்கள் பொறுமையுடன் கேட்க வேண்டும்.

முதலில் ஒன்று. அக்காமிராவின் அருமை தெரியாமல் நான் பேசவில்லை. அதன் குலமுறையைப் படித்தே பல இரவுகளைக் கழித்தவன் நான். 35 மில்லிமீட்டர் பிலிமைக் கொண்டு இயங்கும் எஸ்.எல்.ஆர். காமிரா 1936இலேயே ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், கினே எக்ஸாக்டா என்ற பெயரில் பிறந்துவிட்டது. ஆனால் அதில் மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும்; காட்சியும் இடம் வலமாக மாறித் தெரியும். 1949இல் அதே நகரில் உருவான காண்டாக்ஸ்-எஸ், உச்சியில் ஐங்கோணப் பட்டகத்தை ஏற்றி, கண் மட்டத்தில் நேராகக் காணும் வசதியைத் தந்தது. 1954இல் ஜப்பானில் வந்த அசாஹிஃபிளெக்ஸ் இரண்டாம் மாதிரியில், படம் எடுத்த மறுகணமே உள்ளிருக்கும் கண்ணாடி தானாகக் கீழிறங்கியது. 1959இல் வெளிவந்த நிக்கான் எஃப், இத்தகைய வசதிகளையெல்லாம் ஒரே உடலில் ஒன்றுசேர்த்தது. அதன் பட்டகத்தைக் கழற்றி வேறு பொருத்தலாம். காட்சி விழும் மங்கற்கண்ணாடியை மாற்றலாம். அடியில் மோட்டார் இணைக்கலாம். பிலிமில் எது பதியுமோ அது முழுவதும், ஒரு விளிம்பும் குறையாமல், கண்ணுக்குத் தெரியும். தொழில் செய்வோர் அதை வாரி அணைத்துக்கொண்டதில் வியப்பென்ன? 1971இல் அதன் தம்பியாக எஃப்-2 வந்தது. அதே ஆண்டில் கேனான் நிறுவனமும் எஃப்-1 என்ற காமிராவோடு போட்டிக்கு இறங்கியது.

நம்மிடம் வந்திருப்பது அந்த எஃப்-2. லென்ஸையும் சேர்த்தால் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கிறது. பொத்தானை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது? நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் நிற்கும் கண்ணாடி மேலே எழுகிறது, லென்ஸின் துவாரம் நாம் குறித்த அளவுக்குச் சுருங்குகிறது, டைட்டேனியத் தகட்டாலான முதல் திரை ஓடுகிறது, குறித்த நேரம் கழித்து இரண்டாம் திரை அதைத் துரத்துகிறது, கண்ணாடி இறங்குகிறது, துவாரம் மீண்டும் விரிகிறது. இதன் மிக உயர்ந்த வேகம் 1/2000 வினாடி. திரை எதுவும் அந்நேரத்துக்குள் முழுப் படத்தையும் கடப்பதில்லை. 36 மில்லிமீட்டர் அகலத்தைத் திரை 1/100 வினாடியில் கடப்பதாகக் கொண்டு கணக்கிட்டால், இரு திரைகளுக்கும் இடையே ஓடும் பிளவு 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த மெல்லிய ஒளிக்கீற்று பிலிமைப் பெருக்கிக்கொண்டே போகிறது. பிலிமின் ஒவ்வொரு புள்ளியும் பெறுவது 1/2000 வினாடி ஒளி. இத்தனையும் வில்லாலும் பற்சக்கரத்தாலும் நடக்கின்றன. மின்கலம் ஒளிமானிக்கு மட்டுமே. அது தீர்ந்தாலும் காமிரா நிற்பதில்லை. பௌதிகம் படிக்கும் எனக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைத்ததில்லை என்பேன்.

இவை பட்ட பாடும் கொஞ்சமன்று. 1970இல் கம்போடியப் போர்க்களத்தில் டான் மக்கல்லின் என்ற ஆங்கிலேயப் படப்பிடிப்பாளரை நோக்கி வந்த துப்பாக்கிக் குண்டு அவருடைய நிக்கான் எஃப் காமிராவில் பாய்ந்தது. அவர் உயிர் தப்பினார். 1971இல் அப்பல்லோ-15 விண்வெளிப் பயணத்தில், அதற்கென்றே மாற்றியமைத்த நிக்கான் காமிரா ஒன்று உடன் சென்றது. இத்தகைய வரலாற்றைக் கேட்டு எந்த இளைஞனுக்குத்தான் மயிர்க்கூச்செறியாது?

நிற்க. இந்தப் பெருமைதான் இன்று இக்காமிராக்களுக்குப் பகையாக முளைத்திருக்கிறது. பழைய காமிராக்களைப் போற்றும் அன்பர்கள் உலகெங்கும் பெருகிவிட்டனர். அவர்களுள் நல்லோர் பலர் உண்டு. பழுது பார்க்கும் முறையையும் பிலிம் கழுவும் முறையையும் கேட்டவர்க்கெல்லாம் சொல்லிக் கொடுக்கின்றனர். ஆயினும், பெட்டி பிரிக்காத காமிராவுக்கு மிகுந்த விலை கொடுத்து வாங்கி, அதைப் பிரிக்காமலே வைத்திருப்பவரும் உண்டு. ஒரு படமும் எடுக்காத காமிராவுக்கு ஆயிரம் படம் எடுத்த காமிராவைவிட மதிப்பு அதிகமாம்! மற்றொரு கூத்தும் கேளுங்கள். கறுப்புப் பூச்சுள்ள பழைய காமிராக்களில், பல்லாண்டு கைபட்ட இடத்தில் பூச்சுத் தேய்ந்து பித்தளை மின்னும். அத்தேய்மானத்துக்கு ஒரு மவுசு உண்டு. ஆகவே பூச்சைத் தாமே உப்புத்தாளால் தேய்த்துப் பித்தளையை வரவழைப்பவரும் இருக்கின்றனர். போருக்குப் போகாதவன் தன் மார்பைத் தானே கீறிக்கொண்டு விழுப்புண் என்று காட்டினால் நம் முன்னோர் அவனை என்னவென்று அழைத்திருப்பர்?

அன்பர்களிடம் இன்னொரு மூடநம்பிக்கையும் உண்டு. மின்சாரம் புகுந்ததும் காமிராவின் கற்பு போய்விட்டது என்பார்கள். 1980இல் நிக்கான் எஃப்-3 மின்னணு ஷட்டரோடு வந்தபோது தொழிலாளரும் முணுமுணுத்ததுண்டு. மின்கலம் தீர்ந்தால் என் செய்வது என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் அதே எஃப்-3 இருபது ஆண்டுக்கு மேல் உற்பத்தியில் நின்றது. 1991இல் கோடாக் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராவும் எஃப்-3இன் உடல்மீதே கட்டப்பட்டது. தானாகக் குவியும் லென்ஸ்களோடு கேனான் 1987இல் புதிய வரிசையைத் தொடங்கியதும், விளையாட்டுப் படம் எடுப்போர் பலர் அதுவரை கையாண்டதை விட்டு அதற்கு மாறினர். எவரும் கண்ணீர் வடித்ததாகத் தெரியவில்லை. உழவன் ஏரை நேசிக்கிறான். அதற்காக ஏருக்குக் கோயில் கட்டி நிலத்தைத் தரிசாகப் போடுவதில்லை.

அப்படியானால், கைப்பேசியே நொடிக்குப் பல படம் எடுக்கும் இக்காலத்தில் இந்தப் பழைய இரும்பு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதில் எடுத்த படம் கைப்பேசிப் படத்தைவிடக் கட்டாயம் நன்றாக இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். என் படங்களைப் பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள்! நான் சொல்வது வேறு. இன்று நம் ஆய்வுக்கூடத்தில் நாம் கையாளும் கருவிகளுள் பெரும்பாலானவை மூடிய பெட்டிகள். மாதிரியை உள்ளே வைக்கிறோம். எண் வெளியே வருகிறது. இடையில் நடந்ததை நம்பிக்கொள்கிறோம். பழுதானால் நிறுவனத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறோம். எஃப்-2 அப்படியன்று. எதைத் திருப்பினால் எது மாறும் என்று விரலுக்குத் தெரிகிறது. வெளிச்சம் எவ்வளவு, துவாரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்ற மூன்றையும் எடுப்பவனே கணிக்க வேண்டும். ஒரு சுருளில் 36 படம். தவறினால் கழுவிய பிறகுதான் தெரியும். தவற்றுக்குப் பொறுப்பாளி நாமே. என் முதற் சுருளில் பதினொரு படம் வெறுங் கறுப்பு. காரணத்தைத் தேடி இரண்டு நாள் அலைந்து, லென்ஸ் மூடியைக் கழற்றாமல் எடுத்திருக்க முடியாது, அது இக்காமிராவில் கண்ணுக்குத் தெரிந்துவிடுமே என்று தேறி, பிறகு ஒளிமானியில் பிலிமின் வேகத்தைத் தவறாக வைத்ததைக் கண்டுபிடித்தேன். அந்த இரண்டு நாளில் கற்றதை எந்த வகுப்பிலும் நான் கற்கவில்லை.

இப்போது கண்ணாடிப் பெட்டிக்கு வருவோம். ஓடாமல் கிடக்கும் காமிரா பத்திரமாக இருக்கும் என்பது பெரும் பிழை. பற்சக்கரங்களுக்கு இட்ட மசகு இறுகுகிறது. மெதுவான வேகங்கள் முதலில் சிக்குகின்றன. கண்ணாடி மோதாமல் தாங்கும் பஞ்சும், பின்மூடியில் ஒளி புகாமல் அடைக்கும் பஞ்சும் பிசினாய்க் கரைகின்றன. மழைக்காலத்து ஈரத்தில் மூடிய பெட்டிக்குள் லென்ஸின்மேல் பூசணம் சிலந்திவலைபோல் படர்கிறது; முற்றிவிட்டால் அது கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். நாம் பூமாலை சூட்டித் திறந்து வைக்கும் பெட்டி, சில ஆண்டுகளில் ஒரு பிணப்பெட்டி ஆகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு வேறுபாடு தெரியாது, அவ்வளவுதான்.

இதை எனக்குச் சொன்னவர் சாந்தினி சௌக்கில் காமிராக் கடைகள் நெருங்கிய சந்தொன்றில், மாடிப்படிக்குக் கீழே அமர்ந்து பழுது பார்க்கும் ஒரு முதியவர். என் அரைகுறை இந்தியைப் பொறுத்துக்கொண்டு, ஒரு ஷட்டரைப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்கிக் காட்டினார். வரும் காமிராக்களில் மிகவும் கெட்டுப்போனவை ஓயாமல் உழைத்தவை அல்ல, அலமாரியில் தூங்கியவை என்றார். அவரிடம் தொழில் கற்க இன்று எவரும் இல்லை. உதிரி உறுப்புக்கு மற்றொரு செத்த காமிராவைத்தான் பிரிக்க வேண்டும். நிக்கானின் கடைசித் தொழில்முறைப் பிலிம் காமிராவான எஃப்-6இன் உற்பத்தியும் 2020இல் நின்றது. இனி உள்ளவை உள்ளவையே. அவற்றை ஓட வைக்கும் கை அற்றுப்போனால், உலகத்துக் கண்ணாடிப் பெட்டிகள் அனைத்தும் சேர்ந்தும் ஒன்றை உயிர்ப்பிக்க முடியாது. வாடிக்கை இருந்தால்தான் அந்தக் கை இருக்கும்.

நம் நாட்டுக்கே இதில் ஒரு படிப்பினை உண்டு. உதகமண்டலத்தில் 1960இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசுத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் அங்கிருந்து வந்தது. நீலமலையின் குளிரில் நம்மவர் செய்த பிலிம்! இன்று அத்தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. காலம் மாறியது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு தொழில் மறைந்தபின் அதன் கட்டடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது எளிது. இருக்கும்போது அதைக் கற்பதுதான் அரிது.

என் எதிர்க்கட்சியினர் இரண்டு தடை எழுப்பினர். ஒன்று, மாணவர் கையில் கொடுத்தால் விழுந்து உடையும் என்பது. உடையலாம். பெரியவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர்வலங்களிலும் கலவரங்களிலும் ஓடியிருக்கிறார். அதன் விளிம்புகளில் உள்ள நசுங்கல்களே சாட்சி. அதற்கெல்லாம் ஈடுகொடுத்தது நம் விடுதிப் படிக்கட்டுக்கு அஞ்சுமா? மற்றொன்று, செலவு. பிலிம் விலை ஏறிவிட்டது என்பது மெய்யே. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்கும் பித்தளைப் பலகைக்கும் பேசிய தொகையில், சாந்தினி சௌக்கில் காமிராவை ஒருமுறை முழுக்கப் பிரித்துத் துடைத்து மசகிடலாம்; மீதியில் இப்பருவத்துக்கு நான்கு சுருள் கறுப்பு வெள்ளைப் பிலிம் வாங்கலாம். கழுவும் பொறுப்பை நானும் என் அறைத் தோழரும் ஏற்கிறோம். இருட்டறைக்கு எங்கள் விடுதிக் குளியலறை போதும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. புதிதாகச் சேர்ந்த மாணவ மாணவியருள் விரும்புவோர் பெயர் கொடுக்கட்டும். ஒருவருக்கு ஒரு வாரம். ஒரு குறிப்பேடு காமிராவோடு செல்லட்டும். துவாரம், வேகம், எடுத்த இடம், நேர்ந்த தவறு ஆகியவற்றை ஒவ்வொருவரும் எழுதட்டும். நான்கு சுருளில் 144 படம். அவற்றுள் பத்து தேறினாலும் ஆண்டு விழாவில் அவற்றை மாட்டுவோம். சிறப்பு விருந்தினர் அவற்றைத் திறந்து வைக்கட்டும். அந்தப் படங்களின் அடியில் பெரியவர் பெயரைப் பொறிப்போம். அதைவிட அவருக்குச் செய்யத்தக்க மரியாதை எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. காமிராவை ஒப்படைக்க வந்த அன்று, நான்தான் அவருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். உறையிலிருந்து அதை எடுத்தவர், நெம்புகோலை ஒருமுறை இழுத்தார், பொத்தானை அழுத்தினார், காதருகே வைத்து அந்தத் ‘தடக்’ என்ற ஓசையைக் கேட்டார். பிறகு, “ஓடுது, தம்பி” என்று சொல்லி என் கையில் கொடுத்தார். அவர் கொடுத்தது ஓடுகிற காமிரா. அடுத்த கூட்டத்தில் வாக்களிக்கப் போகும் அன்பர்கள் அதை நினைவில் வைக்க வேண்டுகிறேன்.