அரிசியில் கதிரியக்கமா?

தானியங்களில் கதிரியக்கம் இருக்கிறதாமே, பொட்டாஷ் உரத்தை நிறுத்திவிடலாமா என்று விவசாயிகள் சிலர் கேட்கிறார்கள். நிறுத்தினால் நெற்பயிர் சாயும், பதர் கூடும். வேறு பலன் இல்லை.

கதிரியக்கம் இருப்பது உண்மை. சாம்பல் சத்து உள்ள இடமெல்லாம் பொட்டாசியம்-40 உண்டு. பத்தாயிரத்தில் ஏறக்குறைய ஒரு பங்கு. உலகம் தோன்றிய நாள் முதல் மண்ணில் இருப்பது இது. நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல் என்பது கணக்கு. தீட்டிய அரிசி ஒரு கிலோவில் சுமார் 30 பெக்கரல், முழுக் கோதுமையில் 100-க்குச் சற்று மேல். சாப்பிடுகிற நம் உடம்பிலோ 4,000-க்கும் மேல்! வேண்டிய பொட்டாசியத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தை உடல் சிறுநீரில் கழித்துவிடுகிறது. எனவே சோறு கூடுதலாக உண்டாலும் இது உடலில் சேர்ந்துகொண்டே போவதில்லை.

அஞ்ச வேண்டியது பூஞ்சாணத்துக்கு. ஈரத்தோடு மூட்டை கட்டிய மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் அது அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. கல்லீரல் புற்றுநோய்க்கு இந்நஞ்சு காரணம் என்பது ஐயமற நிலைநாட்டப்பட்டது. வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. களத்தில் இன்னும் இரண்டு நாள் காயவைக்கத் தயங்கும் நாம் கதிரியக்கத்துக்குப் பயப்படுவது வேடிக்கைதான். மக்காச்சோளத்தை 12 சதவீத ஈரத்துக்கும், நிலக்கடலையை 8 சதவீதத்துக்கும் கீழே காயவைத்த பின்பே மூட்டை பிடியுங்கள். பொட்டாஷை மண் பரிசோதனை சொல்லும் அளவில் இட்டு வாருங்கள்.