யார் பேரில் இருக்கிறது?

தோட்டத்து எல்லைக்குள் இருந்த காலத்தில் நமக்கு இரண்டு காகிதங்கள் தேவைப்படவில்லை. குடியிருந்த வீட்டுக்குக் கிராண்டு கேட்டவர் இல்லை. பையன் ஓட்டிய மோட்டார் சைக்கிளுக்கு லைசென்ஸ் கேட்டவரும் இல்லை. துரை ஒரு வார்த்தை சொன்னால் வீடு. கிராணி கண்டும் காணாமல் இருந்தால் வண்டி. அந்த எல்லை இன்று எங்கே? பால் மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனையையும் சாய்த்துவிட்டு வீடமைப்புக் கம்பெனி பலகை நட்டிருக்கிறது. செம்மண் பாதை தார் ரோடாகி நெடுஞ்சாலையில் போய் முட்டுகிறது. எல்லை போய்விட்டது, நம் பழக்கம் மட்டும் போகவில்லை.

முதலில் வீட்டு விஷயம். "நாற்பது வருஷமாக இங்கேதான் இருக்கிறோம், இந்த வாசலில் நிற்கும் மாமரம் எங்கள் தாத்தா வைத்தது" என்று நம்மவர் சொல்லும்போது கேட்பவர் மனம் உருகலாம். சட்டம் உருகாது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, நிலப் பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உடைமைக்காரர். எத்தனை தலைமுறை குடியிருந்தாலும், குடியிருந்த காரணத்தால் மட்டும் தனியார் நிலமோ சர்க்கார் நிலமோ நமக்குச் சொந்தமாகிவிடாது. லயத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. 1990ஆம் ஆண்டில் வந்த குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், தண்ணீரும் மின்சாரமும் கொடு, வீட்டைப் பழுதுபார் என்று முதலாளிக்குக் கடமை விதித்ததே தவிர, வீட்டைத் தொழிலாளிக்கு எழுதி வைக்கவில்லை.

வெளியே வந்து குடியேறியவர்களிடமும் மயக்கம் உண்டு. மாவட்ட மன்றம் அனுப்பும் சுக்காய் பிந்து ரசீதை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, இதுதான் வீட்டுப் பத்திரம் என்று நம்புகிறவர்களை நாம் அறிவோம். வரி கட்டிய ரசீது வரி கட்டியதற்குத்தான் சாட்சி. இன்னும் சிலர் கையில் இருப்பது டி.ஓ.எல். என்னும் தற்காலிக அனுமதி. அது டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பெற்றவர் கண்ணை மூடினால் அனுமதியும் அவரோடு போகிறது. பிள்ளைக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. மாட்டுக் கொட்டகையும் காய்கறித் தோட்டமும் போட்ட எத்தனையோ குடும்பங்கள் இதை அறியாமலே வாழ்கின்றன. சந்தேகம் இருந்தால் நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பதிவேட்டைப் பார்க்கலாம். அதற்கு யாருடைய தயவும் வேண்டாம்.

கிராண்டு உண்மையிலேயே இருக்கும் வீடுகளிலும் ஒரு நோய் இருக்கிறது. பெயர் மாறாமலே கிடப்பது. அப்பா காலமாகிப் பதினைந்து வருஷம், கிராண்டு இன்னும் அப்பா பேரில். அண்ணன் தம்பி நால்வரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சிறிய சொத்துகளைப் பங்கிட 1955ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்தது. நில அலுவலகத்திலேயே விசாரித்து முடிக்கிறார்கள். இதற்கிடையில் சுக்காய் தானா கட்டாமல் விட்டால், நோட்டீஸ் செத்தவர் பெயருக்குத்தான் வரும். அதில் குறித்த மூன்று மாதத் தவணையும் தவறினால் நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

காகிதத்தின் அருமையை நமக்கு முன்னே உணர்ந்தவர்கள் உண்டு. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, 1960ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி கட்டித் தோட்டத் தொழிலாளி பங்குக்காரனானான். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. சிலாங்கூரில் மேரி, நைகல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்துக் குடும்பங்கள் வாக்குறுதியை நம்பி வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேல் காத்துக் கிடந்தன.

தோட்ட நிலம் கைமாற வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். விவசாய நிலத்தை வீடமைப்பு நிலமாக்க மாநில அரசின் அனுமதி வேண்டும். இரண்டு வாசலிலும் காவல் நிற்பது சர்க்கார்தான். தொழிலாளிக்கு வீடு கட்டிக் கிராண்டைக் கையில் கொடுத்த பிறகே அடுத்த வாசல் திறக்கும் என்று ஒரு நிபந்தனை எழுத எத்தனை வரி மை செலவாகும்?

இனி நம் பிள்ளைகள் விஷயம். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி 16 வயது நிறையாதவன் எந்த மோட்டார் வண்டியையும் ஓட்டக் கூடாது; 17 ஆகும்வரை கார் கூடாது. லைசென்ஸ் எடுத்த முதல் இரண்டு வருஷம் 'பி' லைசென்ஸ்தான். "தோட்டத்து ரோட்டில்தானே ஓட்டுகிறான்" என்னும் சமாதானமும் நிற்காது. பொது மக்கள் வந்துபோகும் எந்த ரோடும் சட்டத்தின் கண்ணில் ரோடுதான்.

பையன் மேல் பழி போடுவது சுலபம். நாம் அதைச் செய்ய மாட்டோம். பஸ் வராத தோட்டத்திலிருந்து பள்ளிக்கூடம் போக வேண்டியவனுக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரம் அல்ல. சாவியைக் கொடுத்தது யார்? லைசென்ஸ் இல்லாதவனை ஓட்ட அனுமதிப்பதும் குற்றம் என்கிறது சட்டம். வண்டி அப்பா பேரில் இருந்தால் வழக்கு அப்பாவையும் தேடி வரும். மோதலில் எதிரே வந்தவன் கால் போனால், ஓட்டியவனுக்கு லைசென்ஸ் இல்லை என்று காப்புறுதிக் கம்பெனி கையை விரிக்க இடமுண்டு. பிறகு நஷ்டஈட்டுக்கு எதை விற்பது? இந்த நாட்டில் சாலையில் மாண்டு போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் என்பதைத் தாய்மார்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாக மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுத்துக் கொடுக்க 2022ஆம் ஆண்டில் 'மைலெசென்' திட்டம் வந்தது. இப்படிப்பட்ட செய்தி பட்டணத்துப் பிள்ளைக்குக் கைப்பேசியில் உடனே எட்டுகிறது. தோட்டத்துக்கு வந்து சேரும்போது விண்ணப்ப நாள் கடந்திருக்கும். மாவட்ட மன்றமும் நில அலுவலகமும் போக்குவரத்து இலாகாவும் அறிவிப்புகளை ஒட்டுவதோடு கடமை முடிந்ததென்று இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையில் தோட்டத்து மண்டபத்துக்கு மேசை போட்டு வரட்டும்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. பாரம் நிரப்பத் தெரிந்த கை உங்களுடையது. அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் தோட்டத்தில் இறந்தவர் பேரிலேயே கிடக்கும் கிராண்டுகள் எத்தனை, 16 நிறைந்தும் லைசென்ஸ் எடுக்காத பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.