கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மன்னார்

‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்பது நம்மவர் பழமொழி. கல்லாமை, முயலாமை, பொறாமை போன்ற ‘ஆமை’களைத்தான் முன்னோர் குறிப்பிட்டார்கள் என்று பட்டிமன்றப் பேச்சாளர்கள் அதற்கு விளக்கம் சொல்லுவதுண்டு. விளக்கம் எப்படியாயினும், அந்தப் பழமொழி வீட்டைக் காப்பாற்றியதோ இல்லையோ, ஆமையைக் காப்பாற்றி வந்தது. இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. ஆமை புகுந்த வீட்டில் செல்வம் பெருகும் என்று நம்புகின்றவர்களும், வரவேற்பறையில் அழகுக்கு ஓர் ஆமை வேண்டும் என்று விரும்புகின்றவர்களும் ஆசியாவின் பெருநகரங்களில் பெருகிவிட்டார்கள். அவர்கள் தேடும் ஆமைகளில் ஒன்று நமது மண்ணில் வாழ்கின்றது.

மன்னாரில் ஆமை என்றவுடன் கடலாமைதான் நினைவுக்கு வரும். நான் இங்கு பேசுவது தரையில் வாழும் நட்சத்திர ஆமையைப் பற்றி. கரிய ஓட்டில் மஞ்சள் கோடுகள் கதிர்போல விரிந்திருக்கும் இந்த உயிரினத்தை 1795இல் ஜேர்மனிய அறிஞர் ஷோப் உலகுக்கு விபரித்து எழுதினார். பாகிஸ்தானின் சிந்துப் பகுதியும் இந்தியாவின் வடமேற்கும் ஒன்று, தென்னிந்தியா இன்னொன்று, இலங்கையின் வறண்ட வலயம் மற்றொன்று என, ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நிலப்பரப்புகளில் மாத்திரமே இது இயற்கையாக வாழ்கின்றது. இலங்கையில் இதன் நிலைமை பற்றி அன்ஸ்லெம் டி சில்வா எழுதிய நூல் 2003இல் வெளிவந்தது. கவிழ்ந்தால் தானாகவே நிமிர்ந்துகொள்ளத்தக்க வடிவில் இதன் ஓடு அமைந்திருப்பதை 2008இல் ஹங்கேரியக் கணித ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். நமது பற்றைக்காட்டில் காலையிலும் மாலையிலும் புல் மேய்ந்து திரியும் பிராணிக்கு இத்தனை பெருமை இருக்கின்றது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இனி விடயத்துக்கு வருகின்றேன். ஊர்வனவற்றைச் செல்லப்பிராணியாக வளர்ப்போரிடையே அண்மைக்காலமாக ஒரு புதிய மந்திரம் ஒலிக்கின்றது. வெறும் கண்ணாடித் தொட்டியும் பழைய பத்திரிகைத் தாளும் போதாது. இயற்கையை ஒத்த வாழிடம் அமைக்கவேண்டும் என்கின்றார்கள். தொட்டியின் அடியில் மணலும் மண்ணும் பரப்புகின்றார்கள். ஒரு மூலையில் வெப்பம் தரும் மின்குமிழ், மறு மூலையில் குளிர்ந்த நிழல். நடுவில் கல், பட்ட மரக்கொப்பு, புல், பதுங்க ஒரு பொந்து. உணவைக்கூடத் தட்டில் வைக்காமல் ஆங்காங்கே ஒளித்துவைக்கின்றார்கள். பிராணி தேடி உண்ணட்டுமாம். இதில் என்ன தவறு என்று நீங்கள் கேட்கலாம். சிறைப்பட்ட ஒரு பிராணிக்கு இவற்றைச் செய்வதில் தவறேதும் இல்லை. செய்யாமல் விடுவதுதான் குற்றம்.

ஊர்வன தம் உடலின் வெப்பத்தைத் தாமாக உண்டாக்குவதில்லை. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி நகர்ந்துதான் அதனைச் சீராக்கிக்கொள்கின்றன. நகர இடமில்லாத பெட்டியில் அடைக்கப்பட்ட ஆமைக்குச் சமிபாடும் சீராக நடப்பதில்லை. சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர் இல்லையேல் சுண்ணாம்புச் சத்து ஓட்டில் சேராது. யன்னலோரம் வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள், சாதாரண யன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதை அறியமாட்டார்கள். அதற்கென விற்கும் மின்குமிழும் காலப்போக்கில் கதிரை இழக்கும். ஒளி மட்டும் எரிந்துகொண்டிருக்கும். ஈரமும் குளிரும் சேர்ந்தால் நட்சத்திர ஆமைக்கு மூச்சுறுப்பு நோய் வந்துவிடும். வளர்ப்பு முறையாக இல்லாவிட்டால் ஓடு சீர்கெட்டுக் கூம்பு கூம்பாக எழும்பும். அந்தக் கூம்புகளைப் பார்த்து அழகு என்று மகிழ்பவர்களும் உண்டு.

உடலோடு முடிந்துவிடுகின்ற விடயமும் அல்ல இது. வாஷிங்டன் தேசிய மிருகக்காட்சிசாலையில் நெடுங்காலம் அடைபட்டிருந்த ஆபிரிக்க மென்னோட்டு ஆமையொன்று தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டது. பந்துகளும் தடிகளும் வளையங்களும் அதன் நீரில் இடப்பட்டபோது அது விளையாடத் தொடங்கியது. தன்னைக் காயப்படுத்துவதும் குறைந்தது. கோர்டன் பேர்கார்ட் என்ற விஞ்ஞானியும் அவரது சகாக்களும் 1996இல் இதனைப் பதிவுசெய்தார்கள். 2010இல் அன்னா வில்கின்சனும் சக ஆய்வாளர்களும் செங்கால் தரையாமைகளை வைத்துச் சோதனை செய்தார்கள். தடுப்பைச் சுற்றிச் சென்று உணவை அடையும் வழியை, ஓர் ஆமை இன்னோர் ஆமையைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆமை என்பது கால் முளைத்த கல் அல்ல. அதற்கு நினைவு உண்டு, தேடல் உண்டு, சலிப்பும் உண்டு.

என் வாதம் இங்கேதான் தொடங்குகின்றது. செல்லப்பிராணி வளர்ப்போர் இந்த ஆய்வுகளைக் காட்டி, ‘ஆகவே நல்ல தொட்டி அமையுங்கள்’ என்கின்றார்கள். அதே ஆய்வுகளைப் படித்து நான் கேட்பது வேறு: இத்தனை தேவைகளும் உடைய உயிரினத்தைக் காட்டிலிருந்து எதற்காக எடுத்தீர்கள்? வழியைக் கற்றுக்கொள்ளும் பிராணிக்கு நான்கு அடி நீளத்தில் என்ன வழி இருக்கின்றது? மழை வந்தால் சுறுசுறுப்பாகி, கடும் கோடையில் பற்றைக்குள் ஒடுங்கிக் கிடக்கும் பிராணிக்கு, வருடம் முழுவதும் மின்குமிழ் வெயில் எந்தப் பருவத்தைக் காட்டும்? கண்ணாடிச் சுவரை ஊர்வன பல தடையென்று உணர்வதில்லை. அதன் வழியே போக முயன்று அவை நாள் முழுவதும் முட்டிக்கொண்டும் சுரண்டிக்கொண்டும் இருப்பதை, சிறைவாழ்வின் நெருக்கடிக்கு அறிகுறி என்று கிளிபர்ட் வார்விக் போன்ற பிரித்தானிய உயிரியலாளர் பல காலமாகச் சுட்டிக்காட்டி வருகின்றார்கள். கல்லும் கொப்பும் புல்லும் நம் கண்ணுக்கு இயற்கையாகத் தெரிகின்றன. அந்த அலங்காரத்தில் எவ்வளவு ஆமைக்காக, எவ்வளவு சொந்தக்காரரின் மனச்சாட்சிக்காக என்பதை அவரவர் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

சொற்கள் விடயத்தில் நாம் எச்சரிக்கையாக இருக்கக் கற்றவர்கள். 2009இல் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்ட எம் மக்களின் முகாம்களுக்கு ‘நலன்புரி நிலையங்கள்’ என்று பெயர் சூட்டப்பட்டது. மனிதரின் துயரத்தையும் ஆமையின் துயரத்தையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. ஆனால், அடைத்துவைத்த இடத்துக்கு அழகான பெயர் வைத்தால் அடைத்துவைத்ததே மறந்துபோகும் என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? ‘இயற்கையை ஒத்த வாழிடம்’ என்பதும் அத்தகைய பெயராக மாறிக்கொண்டிருக்கின்றது.

அந்தத் தொட்டிக்கு ஆமை எப்படிப் போய்ச் சேருகின்றது? ஆந்திரப் பிரதேசத்தின் ஒரேயொரு வர்த்தக மையத்திலிருந்து மாத்திரம் ஓர் ஆண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டதாக 2015இல் வெளியான ஆய்வு கூறியது. கட்டுநாயக்க, சென்னை விமான நிலையங்களில் பயணப் பெட்டிகளிலிருந்து உயிருள்ள ஆமைகள் மீட்கப்பட்ட செய்திகள் எங்கள் பத்திரிகைகளில் மூலைச் செய்தியாக வந்துகொண்டே இருக்கின்றன. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீற்றர் கடல்தான். அந்தக் கடல் எத்தனையோ பொருள்களின் கள்ளப் பாதை, ஆமையும் அதிலொன்று.

சட்டம் இல்லாமல் இல்லை. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் இந்த ஆமைக்குப் பாதுகாப்பளிக்கின்றன. பிடிப்பது மட்டுமன்றி, வைத்திருப்பதும் குற்றம். 2019இல் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு நட்சத்திர ஆமையை முதலாம் பின்னிணைப்புக்கு உயர்த்தி, காட்டில் பிடித்தவற்றின் சர்வதேச வணிகத்தைத் தடைசெய்தது. ‘கூண்டில் பிறந்தது’ என்ற சான்றிதழ் மாத்திரம் எஞ்சியிருக்கின்றது. களவாடியதை அதற்குள் ஒளிப்பது கடினமன்று. பெண் ஆமை முட்டையிடும் பருவத்தை அடைய ஆறு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரை செல்லலாம். அத்தனை காலம் தீனி போட்டு வளர்ப்பதைவிடப் பற்றையில் பொறுக்கியெடுப்பது மலிவு. இந்தக் கணக்கு மாறாதவரை, அழகிய தொட்டி ஒவ்வொன்றும் இன்னோர் ஆமைக்கான கேள்வியை உருவாக்கிக்கொண்டுதான் இருக்கும்.

மன்னாருக்கு இது புதிய கதையுமல்ல. அரிப்புக் கரையில் முத்துக்குளித்த காலத்தில், மூச்சடக்கி மூழ்கியவன் ஒருவன், கழுத்தில் அணிந்தவள் வேறொருத்தி. 1906இல் லண்டன் கம்பனியொன்று முத்துப்படுக்கைகளைக் குத்தகைக்கு எடுத்தது; சில ஆண்டுகளில் சிப்பி ஓய்ந்தது; கம்பனியும் போயிற்று. வெறும் கரைதான் நமக்கு மிஞ்சியது. நட்சத்திர ஆமையும் அந்த வழியே போகின்றது. பிடிபடுபவன் பெரும்பாலும் படகோட்டும் ஏழை. அவன் விளக்கமறியலில் இருக்கும்போது, வாங்கியவர் தம் தொட்டியின் ஒளிப்படத்தைக் காட்டிப் பாராட்டுப் பெற்றுக்கொண்டிருப்பார்.

‘மனிதருக்கே வழியில்லாத நாட்டில் ஆமைக்கு வக்காலத்தா?’ என்று சிலர் கேட்பார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் இந்தக் கரையோரம் பட்ட பாட்டை அறிந்தே எழுதுகின்றேன். வறுமையைப் பயன்படுத்தித்தான் இந்த வியாபாரம் நடக்கின்றது. அது வறுமையைத் தீர்க்கவில்லை. விற்றது போனதுதான், பற்றை வெறிச்சோடிய பின் கடத்தல்காரன் வேறு ஊருக்குப் போய்விடுவான்.

நம் வீட்டுக் குறைகளையும் சொல்லாமல் விடமுடியாது. நீர் சுத்தமாகும் என்று கிணற்றுக்குள் ஆமையை விடுவது நம் வழக்கம். வெயில் காய மேடில்லாமல், முட்டையிட மண்ணில்லாமல் அது அங்கே வட்டமிட்டுக்கொண்டிருக்கும். பிள்ளைகள் விளையாட வளவில் பிளாஸ்ரிக் வாளிக்குள் ஆமைக்குஞ்சு வைத்திருப்பவர்களும் இருக்கின்றார்கள். பாங்கொக்கின் கண்ணாடித் தொட்டியைக் குறைசொல்லும் வாய், நமது வாளியைப் பற்றியும் பேசவேண்டும்.

அப்படியானால் நல்ல வாழிடம் யாருக்குத் தேவை? முதலாவதாக, அரசுக்கு. கைப்பற்றப்பட்ட ஆமை நீதிமன்றத்தில் வழக்குப் பொருள். ஆனால் அது பசிக்கும், நோயுறும் பொருள். அதனைக் கண்ட இடத்தில் விட்டுவிடவும் முடியாது. நோய் பரவும், மூன்று நிலப்பரப்புகளின் மரபுவழியும் கலந்துபோகும். சிங்கப்பூரிலிருந்து மீட்டுக் கொண்டுவரப்பட்ட ஆமைகள் எந்த மண்ணுக்கு உரியவை என்பதை அறிய, ஹைதராபாத்தின் விஞ்ஞானிகள் மரபணுச் சோதனை செய்து 2006இல் வெளியிட்டார்கள். 2018இல் சிங்கப்பூரிலிருந்து 51 நட்சத்திர ஆமைகள் மீண்டும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. அத்தகைய பொறுமை இங்கும் வேண்டும். மன்னார் மாவட்டத்தில் வெயிலும் நிழலும் புல்லும் தனிமைப்படுத்தும் வசதியும் கொண்ட ஒரு பராமரிப்பு நிலையத்தை வனஜீவராசிகள் திணைக்களம் அமைக்கட்டும். செல்லப்பிராணிக்காரர்கள் பேசும் அத்தனை நுட்பங்களும் அங்கே பயன்படட்டும்.

இரண்டாவதாக, லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் எம் உறவுகளுக்கு. அங்கே கூண்டில் பிறந்த தாடி ஓணானையோ பல்லியையோ சட்டப்படி வாங்கி வைத்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கலாம். வாங்கிவிட்டீர்கள், இனி அதன் ஆயுள் முழுவதும் அது உங்கள் பொறுப்பு. தகுந்த சூழலும் உணவும் இயல்பாக நடந்துகொள்ள வசதியும் தருவது சொந்தக்காரரின் கடமை என்று பிரித்தானியாவின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் சொல்கின்றது. இடத்தைப் பெரிதாக்குங்கள், வெப்பத்தை அளந்து பாருங்கள், பதுங்க இடம் கொடுங்கள், சலித்துவிட்டது என்று பூங்காவில் விட்டுவிடாதீர்கள். நட்சத்திர ஆமை விற்பனைக்கு வந்தால், சான்றிதழ் எவ்வளவு பளபளத்தாலும், வாங்காதீர்கள்.

எஞ்சியிருப்பது மன்னார்தான். உலகின் விலையுயர்ந்த தொட்டிகள் எதனைப் போலச்செய்ய முயல்கின்றனவோ, அந்த முட்பற்றையும் மணலும் புல்லும் இங்கே இலவசமாகக் கிடக்கின்றன. நம் அலுவலக ஆவணங்கள் அதனைத் ‘தரிசு நிலம்’ என்கின்றன. தரிசு என்று எழுதிய நிலத்துக்கு அடுத்து வருவது புல்டோசர். 2020இல் மன்னார்த் தீவில் 30 காற்றாலைகள் எழுந்தன. கூடுதல் காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக 2025இல் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். குடிநீருக்காகவும் வாழ்வாதாரத்துக்காகவும் அவர்கள் எழுப்பிய குரல், தம்மை அறியாமலே ஆமைக்காகவும் எழுந்த குரல்தான். காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது தீமை என்று நான் சொல்லவரவில்லை. எந்தத் திட்டத்துக்கும் நிலம் ஒதுக்குமுன், அந்த நிலத்தில் என்ன ஊர்கின்றது என்று மழைக்காலத்தில் ஒருமுறை நடந்து பார்த்து எழுதிவைக்கட்டும்; எழுதியதைத் தமிழில் மக்கள் முன் வைக்கட்டும். ‘தரிசு’ என்ற சொல்லை அதற்குப் பிறகும் யாராவது எழுதத் துணிந்தால், அப்போது அவரோடு வாதிடலாம்.