மடிநோய்க்குத் தடுப்பூசி: காத்திருத்தல் தகுமோ?

“வெக்கை நோய் ஊசியினால் ஒழிந்தது, கோமாரிக்கும் ஊசி போடுகிறீர்கள், மடிநோய்க்கு மட்டும் ஏன் ஊசி இல்லை?” என்று போடிநாயக்கனூரை அடுத்த மலையடிவாரத்து முதிய குடியானவர் ஒருவர் என்னை வினவினார். அவருடைய பசுவின் மடியில் ஒரு காம்பு அடியோடு வற்றிவிட்டது. அவர் கேட்டது நியாயமே.

வெக்கைக்குக் காரணம் ஒரே வகை வைரஸ். ஆதலால் ஊசியினால் அதை அடக்க முடிந்தது. உலகிலிருந்தே அது ஒழிந்ததாக 2011-ஆம் வருஷம் அறிவிக்கப்பட்டது. மடிநோயோ பலவகைப் பாக்டீரியாக்களால் உண்டாவது. திராட்சைக்குலை போல் திரளும் ஸ்டாபிலோகாக்கஸ், சரம் போல் தொடரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், சாணத்தில் காணப்படும் ஈ. கோலி ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஒன்றுக்குச் செய்த ஊசி மற்றொன்றைத் தடுப்பது அரிது. அன்றியும், இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி பாலில் சிறிதளவே இறங்குகிறது. கிருமிகளை விழுங்க வரும் வெள்ளை அணுக்களும் பாலின் கொழுப்பை விழுங்கி வலிமை குன்றுகின்றன.

ஸ்டாபிலோகாக்கஸ், ஈ. கோலி இரண்டையும் கருதிச் செய்த தடுப்பூசி ஒன்று 2009-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. அது நோயின் கடுமையைக் குறைக்கும், முற்றும் தடுக்காது. நமது தொழுவங்களில் காணும் கிருமிகளைக் கொண்டே நமக்கேற்ற ஊசியை ஆராய வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இதற்குக் கிராம அதிகாரிகளும் பால் சங்கத்தாரும் உதவலாம். நோய் கண்ட பசுவின் பாலை, மருந்து கொடுக்குமுன், சுத்தமான குப்பியில் கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பிக்கும்படி குடியானவர்களைத் தூண்டுவார்களாக.

ஆனால் அதுவரை வாளாவிருத்தல் தகாது. மழைக்காலத்தில் மலைச்சரிவுத் தொழுவங்கள் சேறாகின்றன. ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் அவசரத்தில் கை கழுவாமல் கறப்பதும் உண்டு. கிருமி புகும் வாசல் இவையே. ஆகையால் தொழுவத்தை ஈரமின்றி வைத்திருங்கள். கையையும் மடியையும் கழுவித் துடைத்த பின் கறவுங்கள். முதற்பீச்சை ஒரு கறுப்புத் துணியில் விட்டால் திரிதலும் கட்டியும் உடனே தெரியும். நோயுற்ற பசுவைக் கடைசியில் கறத்தல் வேண்டும். கறந்தபின் காம்புகளை அயோடின் கரைசலில் தோய்த்து, தீவனமிட்டு, அரைமணி நேரம் படுக்காமல் நிறுத்துங்கள். காம்புத் துவாரம் மூடிக்கொள்ள அவ்வளவு நேரம் வேண்டும்.

நாளை எந்த ஊசி வந்தாலும் அது சேற்றுத் தொழுவத்தைச் சுத்தமாக்காது. வற்றிய காம்பு பெரும்பாலும் மீளுவதில்லை என்பதை மறவாதிருப்போமாக.